மெயிலுக்குள்ளேயே வாசித்த பத்திரம்

எங்கள் பக்கத்துக்கு அருவிச் சீசனில் வருகிறவர்கள் குளிக்க மட்டும் வருவதில்லை. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிற அண்ணன் தம்பிமார் சாரல் விழுந்ததும் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். ஐந்தருவியில் ஒரு நாள், மெயின் அருவியில் ஒரு நாள், நடுவில் ஊர்க்காரியம். பெண் பார்ப்பது, பங்காளிச் சண்டையைப் பேசித் தீர்ப்பது, பத்திரம் பதிவது எல்லாம் துண்டு காய்வதற்குள் முடிந்துவிடும். என் அண்ணனும் அந்த வருஷம் அப்படித்தான் வந்தான்.

அவன் சென்னையில் போலீசில் இருக்கிறான். அப்பா இறந்து ஒரு வருஷம் முடிந்திருந்தது. இலஞ்சியில் எங்களுக்கு ஒரு வீடு உண்டு. அப்பா உயில் எதுவும் எழுதாததால் அது அம்மா, அண்ணன், நான் மூன்று பேருக்கும் பாத்தியம். அண்ணன் மாடி கட்ட நினைத்தான். பங்குக்காரர்கள் குறைந்தால்தான் பேங்கில் வேலை சுலபம் என்று அவனிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். ஆகவே நான் விடுதலைப் பத்திரம் எழுதித் தரவேண்டும், அதாவது என் பங்கை அண்ணனுக்கே விட்டுவிட்டேன் என்று கையெழுத்துப் போடவேண்டும்.

இதில் அதிர்ச்சி அடைய ஒன்றும் இல்லை. எங்கள் சாதிசனத்தில் கூடப் பிறந்தவள் கையெழுத்துப் போடுவதும், அண்ணன் மனைவியான மதினி ஒரு பட்டுச்சேலையைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுப்பதும் ஊர் வழக்கம். பத்திரத்தை வாசிக்கக் கூடாது என்பதும் அதில் சேர்த்திதான். யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. ஆனால் எடுத்து வாசிக்க ஆரம்பித்தால், "அண்ணனையே நம்பலையா?" என்று நாலு பேர் கேட்பார்கள். என் தெருவில் கையெழுத்துப் போட்ட பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எல்லோருக்கும் சேலையின் கரை என்ன நிறம் என்று ஞாபகம் இருக்கிறது. பத்திரம் எத்தனை பக்கம் என்று கேட்டுப் பாருங்கள், ஒருத்திக்கும் தெரியாது.

நானும் சரி என்றுதான் சொன்னேன். கல்யாணமாகித் தென்காசியில் வாடகை வீட்டில் இருக்கிறேன். கணவர் புளியங்குடியிலிருந்து எலுமிச்சை லோடு ஏற்றிப் போகும் லாரி ஓட்டுகிறார், நான் வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். அண்ணனோடு மல்லுக்கட்ட எனக்கு நேரமும் இல்லை, ஆசையும் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை மட்டும் வைத்தேன். அம்மாவின் பங்கு அம்மா பேரிலேயே இருக்கவேண்டும்.

அதற்குக் காரணம் உண்டு. இலத்தூரில் என் பெரியம்மா இப்படித்தான் மகன் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். ஐந்து வருஷத்தில் அந்த வீடு கைமாறியது. தான் பிள்ளை பெற்ற வீட்டின் வாசலில் ஒரு டிரங்குப் பெட்டியோடு ஆட்டோவுக்கு நின்ற பெரியம்மாவை நான் கண்ணால் பார்த்தேன். அவள் அழவில்லை, ஆட்டோக்காரனிடம் வாடகையைக் குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு இந்த விஷயத்தில் பிடிவாதம்.

"அம்மா பங்குல யாரு கை வைக்கா? அவ சாட்சிக் கையெழுத்துதான் போடுதா," என்றான் அண்ணன்.

"அப்ப சரி. அடிச்சதும் எனக்கு மெயில்ல அனுப்பச் சொல்லு."

"எதுக்கு? பதியும்போது நேர்ல பாக்கத்தான போற?"

"அங்கன வச்சு வாசிச்சா மதினி மூஞ்சியத் தூக்குவா. முன்னக்கூட்டியே வாசிச்சுட்டேன்னா யாருக்கும் வருத்தம் இல்ல பாரு."

"ஏட்டி, நீ இன்னும் மாறவே இல்ல," என்று சிரித்தான். ஆனால் பத்திர எழுத்தரிடம் என் மெயில் முகவரியைச் சொல்லிவிட்டான். அதை அவன் பெருந்தன்மை என்றும் சொல்லலாம். நான் வாசிக்கமாட்டேன் என்ற நம்பிக்கை என்றும் சொல்லலாம்.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குத் தென்காசியில் பதிவுக்கு டோக்கன் போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவிக்குப் போனோம். அம்மா முழங்கால் வலி என்று வீட்டிலேயே இருந்துகொண்டாள். எனக்கு அன்றைக்குக் குளிக்க முடியாத நிலைமை. அதனால் வழக்கம்போல எல்லோர் துணியும், எல்லோர் போனும், பரோட்டா பொட்டலமும் என் பொறுப்பில் வந்தன. கையில் ஒரு குச்சியும் கொடுத்துவிட்டுப் போனார்கள், குரங்குக்கு.

கார் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்த பிறகுதான் மெயில் வந்திருந்ததைப் பார்த்தேன். எழுத்தர் எனக்கும் அண்ணனுக்கும் சேர்த்தே அனுப்பியிருந்தார். கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை, அடியில் ஒரு வேர்டு ஃபைல் மட்டும் ஒட்டியிருந்தது. டவுன்லோட் அம்புக்குறியை அழுத்தினேன். போனில் இடம் இல்லை என்று வந்தது. இருக்காதா பின்னே, மதினி அனுப்பிய அருவி வீடியோக்களே பாதியை அடைத்திருந்தன. அம்புக்குறியை விட்டுவிட்டு ஃபைலின் படத்தையே தொட்டுப் பார்த்தேன். அதை எங்கேயும் இறக்கி வைக்காமல், மெயிலுக்குள்ளேயே பத்திரம் விரிந்தது. மொத்தம் ஏழு பக்கம்.

விரிந்தது என்று சந்தோஷப்பட்டது ஒரு நிமிஷம்தான். தமிழ் எழுத்து ஒன்றைக்கூடக் காணோம். தலைப்பில் tpLjiyg; gj;jpuk; என்று இருந்தது. அதற்குக் கீழே ஏழு பக்கமும் இதே கதி, இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் பூச்சி ஊர்ந்த மாதிரி. பத்திர எழுத்தர்கள் இன்னும் பழைய தமிழ் எழுத்துருவில்தான் அடிக்கிறார்கள். அந்த எழுத்துரு அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கும், நம் போனில் இருக்காது. மெயில் அதைத் திறந்து காட்டும்போது எந்த எழுத்தை எந்தச் சாவியால் அடித்தார்களோ அந்தச் சாவியை மட்டும் காட்டும்.

மெயிலில் அந்தக் கடிதத்துக்குக் கீழே அண்ணனின் பதிலும் இருந்தது. "ஓகே" என்று ஒரே வார்த்தை. போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவதற்கு முன்னால் போட்டிருக்கிறான்.

நான் போனை மூடப் போனேன். அதற்குள் என் இடதுகைச் சுட்டுவிரல் தொடைமேல் லேசாக மேலே எட்டி ஒரு தட்டு தட்டியது. t. அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, விரல் தானாகப் போனது. அந்த இடத்தில் "வ" இருக்கும். அடுத்து p, வலதுகைச் சுண்டுவிரல், இகரக் கொக்கி. "வி." எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றது.

பன்னிரண்டாவது முடித்துவிட்டுத் தென்காசியில் ஒரு டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் தமிழும் இங்கிலீஷும் லோயர் பரீட்சை பாஸ் செய்தவள் நான். பிடித்துப் போனேன் என்று பொய் சொல்ல மாட்டேன். வீட்டில் சும்மா இருக்கக் கூடாது என்று அப்பா சேர்த்துவிட்டார். மாஸ்டர் சாவிகளைப் பார்க்கவிடாமல் மேலே ஒரு அட்டையை வைத்து மூடிவிடுவார். இடது கையில் ய, ள, ன, க. அடுத்த மணிநேரம் அதே விரல்களுக்கு இங்கிலீஷில் a, s, d, f. அந்தப் பாஸ் சர்டிபிகேட்டால் எனக்கு ஒரு வேலையும் கிடைத்ததில்லை, கல்யாணப் பேச்சில் ஒரு வரி கூடுதலாகச் சொன்னதோடு சரி. தண்டப் படிப்பு என்று எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன்.

இப்போது போனை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் தொடைமேல் வைத்து அடிக்க ஆரம்பித்தேன். கண்ணால் பார்த்தால் பூச்சி, விரலால் அடித்தால் தமிழ். மூன்று வரிக்குத் தலை சுற்றியது. ஒரு பக்கத்துக்குக் கால்மணி நேரம் ஆகும் போலிருந்தது. ஆனால் ஆகட்டும், ஏழு பக்கத்தையும் முடிக்காமல் இந்தக் கல்லைவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். எண்ணெய் மசாஜ் போடுகிறவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "என்னக்கா, காலு வலிக்கா?" என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன். அந்தச் சமயத்தில்தான் ஒரு குரங்கு பரோட்டாப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. எனக்குத் தெரியவே தெரியாது.

முதல் பக்கத்தின் பாதியில் எழுதிக் கொடுப்பவர்கள் பெயர் வந்தது. "கொடுப்பவர்" இல்லை, "கொடுப்பவர்கள்". கள் எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டே அடித்தேன். 1 என்ற எண். அதற்குப் பக்கத்தில் ஒரு பெயர். விரல் ஒவ்வொரு எழுத்தாக எடுத்துக் கொடுத்தது. நான்காவது எழுத்திலேயே தெரிந்துவிட்டது, அது என் அம்மா பெயர். 2 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் என் பெயர்.

திரும்பவும் முதலிலிருந்து அடித்துப் பார்த்தேன். மாறவில்லை. அம்மா சாட்சி இல்லை, முதல் ஆளாகத் தன் பங்கை விட்டுக்கொடுக்கிறவள். சாட்சி என்று நினைத்துக்கொண்டு நாளைக்குப் பதினொரு மணிக்குக் கையெழுத்துப் போடுவாள். அதோடு அந்த வீட்டில் அவளுக்குச் சட்டப்படி ஒரு செங்கல்கூட மிஞ்சாது. எனக்குப் பெரியம்மாவின் டிரங்குப் பெட்டிதான் கண்முன் வந்தது. அந்தப் பக்கத்தின் மிச்சத்தையும் மீதி ஆறு பக்கத்தையும் விடாமல் முடித்தேன். எதிரே நின்ற வேன்கள் கிளம்பிப் போய் வேறு வேன்கள் வந்து நின்றன.

அவர்கள் குளித்துவிட்டு வந்தார்கள். மதினி முதலில் பரோட்டாவைத் தேடினாள். நான் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, பத்திரத்த வாசிச்சியா?"

"ம், பாத்தேன்."

"பாத்தியா, வாசிச்சியா?"

தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். "எனக்கும் பூச்சி பூச்சியாத்தான் வந்துச்சு. பத்திரம்னா நமக்கு என்னைக்குப் புரிஞ்சிருக்கு? சரியாத்தான் அடிச்சிருப்பாருன்னு ஓகே போட்டேன். ஏன் கேக்குத?"

"அம்மா சாட்சி இல்ல. அவ பங்கையும் உனக்கு எழுதிக் குடுக்கதா இருக்கு."

"உளறாத. இத எவன் வாசிப்பான்?"

"நான் வாசிச்சேன்."

அவன் நம்பவில்லை. மதினி பரோட்டாவை மறந்துவிட்டு, என் போனை வாங்கி ஐந்தாம் பக்கத்தில் ஒரு வரியைக் காட்டினாள். "இத வாசி பாப்போம்," என்றாள். தொடையில் தட்டித் தட்டி வாசித்தேன். வீட்டுக்கு வடக்கே பாதை, கிழக்கே கிணறு, அதற்கப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் பெயர். மதினி அந்தப் பெயரைக் கேட்டதும் போனை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

சீசனில் பத்திர எழுத்தர்கள் ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்து வைத்திருப்பார்கள், வெளியூர்க்காரர்கள் வந்திருக்கிற நேரம் அல்லவா. நாங்கள் நேரே அங்கே போனோம். அவர் கம்ப்யூட்டரில் அதே ஃபைலைத் திறந்தார். அங்கே அது முழுத்தமிழில் விரிந்தது. நான் சொன்ன இடத்தில் நான் சொன்னபடியே இருந்தது. 1 அம்மா, 2 நான்.

"அண்ணாச்சி, அம்மா சாட்சின்னுதான சொன்னோம்?" என்று கேட்டேன்.

அவர் ஒரு தடவை அண்ணனைப் பார்த்தார். அப்புறம் திரையைப் பார்த்தார். "இங்கன பொதுவா தாயாரும் சேர்ந்துதாம்மா எழுதிக் குடுப்பாங்க. பழைய பத்திரம் ஒண்ண எடுத்து அப்படியே பேர மாத்துனேன். விட்டுப்போச்சு."

அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று நான் அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. கேட்டால் அண்ணன் உண்மையைச் சொல்லிவிடுவானோ என்று பயம். அவன் உண்மையிலேயே வாசிக்காமல் ஓகே போட்டிருக்கலாம். எங்கள் பக்கத்து ஆட்கள் அப்படிச் செய்யக்கூடியவர்கள்தான். பத்திரம் என்றாலே புரியாது என்று ஒரு முடிவு. புரியாத எழுத்தில் வந்தால் அது சரியான பத்திரம் என்று இன்னொரு முடிவு.

"மாத்தி அடிங்க," என்றேன். "இங்கனயே உக்காந்திருக்கேன். அடிச்சு முடிச்சதும் ஒவ்வொரு பக்கமா நான் பாக்கணும்."

"நாளைக்குக் காலைல வாங்கம்மா, ரெடியா இருக்கும்."

"இல்லண்ணாச்சி, இன்னைக்கே."

அண்ணன் வெளியே போய் நின்றுகொண்டான். எழுத்தர் அம்மா பெயரை முதல் இடத்திலிருந்து எடுத்து, கடைசிப் பக்கத்தில் சாட்சி என்ற இடத்தில் போட்டார். அம்மாவின் பங்கு அவள் பேரிலேயே தொடரும், அவளை யாரும் அந்த வீட்டைவிட்டு வெளியே போகச் சொல்ல முடியாது என்று ஒரு பத்தியையும் சேர்க்க வைத்தேன். ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் பார்த்தேன். எனக்குள் ஒரு பெருமிதம். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் பத்தரைக்கே பதிவு அலுவலகத்துக்குப் போய்விட்டோம். உள்ளே கூட்டம். வெளியே சிமெண்டு பெஞ்சில் அம்மாவை உட்கார வைத்தோம். மதினி சேலைப் பையை மடியில் வைத்திருந்தாள். அண்ணன் பத்திரத்தை நீட்டி, சட்டைப்பையிலிருந்து தன் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். நான் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடவேண்டும், அம்மா கடைசிப் பக்கத்தில்.

முந்தின நாள் நடந்தது எல்லாம் அம்மாவுக்குத் தெரியும். இப்போது, "ஏட்டி, நீ மட்டும் வாசிச்சா போதுமா? எனக்கும் வாசிச்சுக் காட்டு," என்றாள்.

"நேரம் இல்லம்மா," என்றான் அண்ணன்.

"ஒங்க அப்பாவும் நேரம் இல்லம்பாரு. எத்தன கையெழுத்து போட்டிருப்பேன்! ஒண்ணையும் யாரும் வாசிச்சுக் காட்டுனதில்ல. நீ வாசிட்டி."

வாசித்தேன். பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்களும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். அம்மாவைப் பற்றிய பத்தி வந்ததும் கொஞ்சம் சத்தமாகவே வாசித்தேன், நான் சேர்க்க வைத்தது என்ற திமிர். அம்மா தலையை ஆட்டினாள். அடுத்த பத்தி என்னைப் பற்றியது. "மேற்படி வீட்டில் இனி எனக்கோ என் வாரிசுகளுக்கோ எவ்விதப் பாத்தியமும் பின்தொடர்ச்சியும் கிடையாது." இதை நான் ஐந்தருவியில் விரலால் அடித்திருக்கிறேன். எழுத்தர் கடையில் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டு தடவையும் அம்மா பேரைத் தேடிக்கொண்டிருந்ததால், இது தன் பாட்டுக்கு என்னைக் கடந்து போய்விட்டது. வாயால் சத்தமாகச் சொன்னபோதுதான் அது என்ன சொல்கிறது என்று எனக்குக் கேட்டது. ஒரு வழியாக மிச்சத்தையும் வாசித்து முடித்தேன்.

அம்மா பத்திரத்தை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏலே," என்று அண்ணனைக் கூப்பிட்டாள். "எனக்கு எழுதுனது சரி. உனக்கு எழுதுனதும் சரி. இவளுக்கு என்ன எழுதியிருக்கு?"

"அதான் வாசிச்சாளேம்மா. அவ விட்டுக் குடுக்கா. அவளே சம்மதிச்சதுதான. எல்லா வீட்டுலயும் நடக்கதுதான."

"நான் எதுக்குச் சாட்சி?"

"என்னம்மா கேக்க? அவ எழுதிக் குடுத்தத நீ பாத்தன்னு ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

"எம் மவளுக்கு எம் வீட்டுல ஒண்ணும் கிடையாதுன்னு நான் சாட்சி சொல்லணுமா?" அம்மா குரலை உயர்த்தவே இல்லை. "அதுக்கு நான்தான் கிடைச்சனா? வேற ஆளப் பாரு."

அந்த வாசலில் சாட்சிக்கு ஆள் கிடைப்பது ஒரு பெரிய காரியமே இல்லை. ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் போதும், முன்பின் தெரியாதவர் வந்து போட்டுவிட்டுப் போவார். அண்ணனுக்கும் அது தெரியும். அவன் ஒருதடவை சுற்றிலும் பார்க்கவும் செய்தான். பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதினி சேலைப் பையைத் தரையில் இறக்கி வைத்தாள்.

உள்ளே எங்கள் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

"அண்ணே," என்றேன். அழுகை வந்துவிடுமோ என்று பயந்தேன், வரவில்லை. "மாடி கட்டு. நான் தடுக்கல. பேங்குல மூணு பேரு கையெழுத்து வேணும்னா மூணு பேரும் வந்து போடுவோம். எந்தக் காயிதம்னாலும் மெயில்ல அனுப்பு, வாசிச்சுட்டுப் போடுதேன். இதுல போட மாட்டேன்."

இரண்டாவது தடவையும் எண்ணைக் கூப்பிட்டார்கள். அண்ணன் வாசல் பக்கம் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. நான் பேனாவின் மூடியை அவனிடமிருந்து வாங்கி, மாட்டி, பேனாவை அவன் சட்டைப்பையிலேயே வைத்தேன்.